போர் விளையாட்டு மினியேச்சர் பெட்டிக்கு மதிப்புரை எழுதுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேசைமேல் ஆடும் போர் விளையாட்டுகளுக்கான மினியேச்சர்களைப் பெட்டியாக வாங்கி, வெட்டி, ஒட்டி, வண்ணம் பூசி, ஆடிப் பார்த்து, அதன் பிறகு அவற்றுக்கு மதிப்புரை எழுதுவதை நெடுங்காலமாகச் செய்துவருகிறேன். புதிதாக எழுதத் தொடங்குகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லிவரும் விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன். 'உருவம்' என்று இங்கே குறிப்பது ஒரு மினியேச்சரை. 'சட்டம்' என்பது பாகங்கள் பிரிக்கப்படாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் ஸ்ப்ரூ.

பெட்டியைத் திறந்த அன்றே மதிப்புரை எழுதிவிடலாமா?

வேண்டாம் என்பதே என் விடை. திறந்த அன்று நம்மிடம் இருப்பவை அட்டைப்படமும், சட்டங்களில் வரிசையாகத் தொங்கும் கைகளும் தலைகளும், புதுப்பொருள் கிடைத்த மகிழ்ச்சியும் மட்டுமே. படிப்பவர் தெரிந்துகொள்ள விரும்புவதோ, அந்தப் பெட்டியோடு தாம் கழிக்கப்போகும் பல மாலைகள் எப்படி இருக்கும் என்பதை. இரண்டுக்கும் நடுவில் கத்தியும் பசையும் தூரிகையும் இருக்கின்றன.

ஒருமுறை நாற்பது ஈட்டி வீரர்கள் அடங்கிய 28 மி.மீ. பெட்டி ஒன்றுக்கு, அது கையில் கிடைத்த இரவே எழுதினேன். சங்கிலிக் கவசத்தின் வளையங்கள் தனித்தனியாகத் தெரிந்தன. கத்துகிற முகங்களில் பல்வரிசை துலக்கமாக இருந்தது. ஆகவே தயங்காமல் பாராட்டினேன். இரண்டு வாரம் கழித்து இருபது பேரை ஒட்டி முடித்து, 20 மி.மீ. சதுர அடித்தட்டுகளில் நிறுத்தி, ஐந்து ஐந்து பேராக நான்கு வரிசையில் நெருக்கி வைக்க முயன்றபோதுதான் குறை தெரிந்தது. கேடயம் ஏந்திய இடக்கைகள் எல்லாம் அடித்தட்டின் விளிம்பைத் தாண்டி நீண்டிருந்தன. பின்வரிசை ஈட்டி முன்வரிசை வீரனின் பிடரியில் இடித்தது. கடைசியில் ஒவ்வோர் அடித்தட்டின் கீழும் எண் எழுதி, எவனுக்குப் பக்கத்தில் எவன் நிற்க முடியும் என்று கண்டறிந்து, ஒவ்வோர் ஆட்டத்திலும் அதே வரிசைப்படி நிறுத்த வேண்டியதாயிற்று. என் சொல்லை நம்பி வாங்கியவர்களும் அதே பாட்டைப் பட்டிருப்பார்கள் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

அன்றிலிருந்து எனக்கென்று ஒரு வரம்பு வைத்திருக்கிறேன். ஒரு சட்டத்தில் உள்ள அத்தனை உருவங்களையும் ஒட்ட வேண்டும். குறைந்தது மூன்றுக்கு முழுமையாக வண்ணம் பூச வேண்டும். வரிசையில் நிற்கும் படையானால் வரிசையாக நிறுத்திப் பார்க்க வேண்டும். ஓர் ஆட்டமாவது ஆட வேண்டும். அதற்கு முன் எழுதுவது முன்னோட்டம்தான். அதற்கு முன்னோட்டம் என்றே தலைப்பிட்டால் யாருக்கும் குறை இல்லை.

பெட்டிமேல் போட்டிருக்கும் எண்ணிக்கையைச் சரிபார்க்க வேண்டுமா?

வேண்டும். ஆனால் தலைகளை எண்ணுவதோடு நிறுத்திவிடக் கூடாது. நாற்பது வீரர்கள் என்பது பெரும்பாலும் எட்டு உருவங்கள் கொண்ட ஒரே சட்டத்தின் ஐந்து படிகளாக இருக்கும். அப்படியானால் நாம் உண்மையில் மதிப்பிடுவது அந்த எட்டு உடல்களைத்தான். அவற்றில் எத்தனை உண்மையாகவே வேறுபட்ட நிலையில் நிற்கின்றன, தலைகள் எத்தனை கூடுதலாக உள்ளன, எந்தக் கையும் எந்த உடலோடும் சேருமா அல்லது குறித்த கை குறித்த உடலுக்கு மட்டும்தானா என்பவற்றைப் பொறுத்தே, முடிந்த படை உயிரோட்டமாகத் தெரிவதும் ஒரே ஆளின் நாற்பது நகல்களாகத் தெரிவதும் அமையும்.

படிகள் திரும்ப வருவதால் வேறொரு சிக்கலும் உண்டு. சட்டத்துக்கு ஒரு கொடி ஏந்துபவர் இருந்தால் ஐந்து சட்டங்களில் ஐந்து கொடிகள் வந்துவிடும். அந்த உடலைச் சாதாரண வீரனாக மாற்றிக்கொள்ள மாற்றுக் கைகள் தரப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். தரப்படவில்லை என்றால் நாற்பதில் நான்கு உருவங்கள் வீணாகும், அதை எழுதிவிட வேண்டும். ஆயுதங்களிலும் இப்படித்தான். பெட்டியின் பின்புறப் படத்தில் எல்லோரும் வில்லோடு நிற்க, சட்டத்திலோ எட்டுப் பேருக்கு நான்கு வில் மட்டும் இருக்கக்கூடும். அடித்தட்டுகள் உண்டா, என்ன வடிவம், கேடயச் சின்னங்களுக்கு நீரில் நனைத்து ஒட்டும் டெக்கால் தாள் உண்டா என்பதை ஒரு வரியில் சொன்னால் போதும்.

28 மி.மீ. என்று போட்டிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்தப் பொழுதுபோக்கில் மிகுதியான ஏமாற்றத்தை உண்டாக்குவது இந்த ஓர் எண்தான். 28 என்பது ஒரு விகிதம் அல்ல. ஓர் உருவத்தின் உயரம். அதுவும் பாதத்திலிருந்து கண்வரையா, உச்சந்தலைவரையா என்பதில் தயாரிப்பாளர்களிடையே உடன்பாடு இல்லை. 1/72, 1/56 போன்றவை உண்மையான விகிதங்கள். 175 செ.மீ. உயரமுள்ள ஒரு மனிதன் 1/72-இல் ஏறக்குறைய 24 மி.மீ. உயரமும், 1/56-இல் ஏறக்குறைய 31 மி.மீ. உயரமும் இருப்பான். இந்த 1/56 உருவத்தைக் கண்வரை அளந்தால் 29 மி.மீ. அளவில் வரும்; அதனால்தான் 28 மி.மீ. வீரர்களுக்குப் பக்கத்தில் 1/56 டாங்கிகளை நிறுத்துவது வழக்கமாயிற்று.

உயரம் ஒத்துப்போனாலும் உடற்கட்டு ஒத்துப்போகாமல் இருக்கலாம். மூன்றடி தொலைவிலிருந்து பார்த்தாலும் அடையாளம் தெரிய வேண்டும் என்பதற்காகத் தலை, கை, ஆயுதம் ஆகியவற்றை இயல்புக்கு மீறிப் பெரிதாக்கிச் செதுக்கும் பாணி ஒன்று உண்டு. அதை ஹீரோயிக் பாணி என்கிறார்கள். மனித உடலின் இயல்பான அளவுகளைப் பேணும் பாணி மற்றொன்று. இரண்டும் தம்மளவில் நல்லவையே. ஆனால் ஒரே படையில் கலந்தால், ஒருவனின் கைமுட்டி அடுத்தவனின் முகத்தளவு இருக்கும். எனவே ஓர் உருவத்தை அடித்தட்டின்றி நிமிர்த்திவைத்து, பக்கத்தில் உருக்கு அளவுகோலை நிறுத்தி, பாதத்திலிருந்து கண்வரையும் உச்சிவரையும் அளந்த இரண்டு எண்களைக் கொடுங்கள். குனிந்தோ ஓடுகிற நிலையிலோ இருக்கும் உருவத்தை இதற்குத் தேர்ந்தெடுக்கக் கூடாது. தலையின் உயரத்தையும் துப்பாக்கியின் நீளத்தையும் தனியே அளந்து சொன்னால், வேறு பெட்டிகளை ஏற்கெனவே வைத்திருப்பவர் கலக்கலாமா வேண்டாமா என்பதைத் தாமே முடிவு செய்துகொள்வார்.

எந்தப் பொருளில் செய்யப்பட்டது என்பது அவ்வளவு முக்கியமா?

முக்கியம். உங்களுக்கு எந்தப் பசை, எந்தக் கருவி, எவ்வளவு பொறுமை தேவை என்பதை அதுவே தீர்மானிக்கிறது.

பெட்டிகளில் இன்று பரவலாக இருப்பது கடினப் பிளாஸ்டிக், அதாவது பாலிஸ்டைரீன். உருக்கிய பிளாஸ்டிக்கை உருக்கு அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்தி இதைச் செய்கிறார்கள். அச்சு செய்ய மிகுந்த செலவாகும். செய்துவிட்டால் ஆயிரக்கணக்கில் ஒரே தரத்தில் எடுக்கலாம். இதற்கான பிளாஸ்டிக் பசை இரு பரப்புகளையும் சற்றே கரைத்து ஒன்றாக்கிவிடுவதால், காய்ந்த பிறகு அது ஒட்டிய இடமாக இராமல் ஒரே பொருளாகிவிடும். கை தவறி வைத்தாலும் சில நொடிகள் நகர்த்திச் சரிசெய்யலாம். முதல் பெட்டி வாங்குகிறவருக்கு இதைவிட இணக்கமான பொருள் இல்லை என்பது என் கருத்து.

வெள்ளீயத்தை முதன்மையாகக் கொண்ட உலோகக் கலவையில் வார்க்கப்படும் உருவங்கள் சுழலும் ரப்பர் அச்சுகளில் எடுக்கப்படுபவை. ரப்பர் தேயும். ஆகவே ஒரே உருவம் புதிய அச்சிலிருந்து வந்தால் கூர்மையாகவும், தேய்ந்த அச்சிலிருந்து வந்தால் மழுங்கலாகவும் இருக்கும். உங்கள் பெட்டியில் வந்தது எப்படி இருந்தது என்பதை மட்டுமே நீங்கள் உறுதியாகச் சொல்ல முடியும். உலோகத்தைப் பிளாஸ்டிக் பசை ஒட்டாது. சூப்பர் குளூ வேண்டும், கனமான பாகமானால் துளையிட்டுக் கம்பியும் செருக வேண்டும். பழைய உலோக உருவங்களில் ஈயம் கலந்திருப்பது வழக்கம். பழைய இருப்பை மதிப்பிடுகிறீர்கள் என்றால் குழந்தைகள் வாயில் வைக்காதபடி காக்க வேண்டும் என்பதையும், அராவிய பின் கைகழுவ வேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள்.

ரெசின் எனும் இறுகும் செயற்கைப் பிசினில் நுண்மை மிகுதி. நொறுங்கும் தன்மையும் மிகுதி. அச்சிலிருந்து கழன்றுவரப் பூசிய எண்ணெய்ப்பசை மேற்பரப்பில் தங்கியிருக்கும் என்பதால், வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவாமல் ப்ரைமர் எனும் அடிப்பூச்சு அடித்தால் வண்ணம் உரிந்துவரும். காற்றுக்குமிழ் விட்ட குழிகள் விரல் நுனியிலும் வாள் முனையிலும்தான் அதிகம் ஒளிந்திருக்கும், அங்கே பாருங்கள். ரெசின் தூள் நுரையீரலுக்குக் கேடு. நீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும், முகமூடி அணிய வேண்டும் என்பதை எந்த ரெசின் பெட்டியின் மதிப்புரையிலும் நான் விடுவதில்லை. முப்பரிமாண அச்சில் வந்த ரெசினானால் அடுக்குக் கோடுகளையும் தாங்கிகளை வெட்டிய தழும்புகளையும் சாய்ந்த வெளிச்சத்தில் தேடுங்கள்.

பலகை விளையாட்டுப் பெட்டிகளில் வரும் மென்மையான பி.வி.சி. உருவங்களின் வாளும் ஈட்டியும் வளைந்தே வரும். சூடான நீரில் சில நொடிகள் அமிழ்த்தி, நேராக்கி, குளிர்ந்த நீரில் முக்கினால் பெரும்பாலும் நிலைத்துவிடும். சில நாள் கழித்து மீண்டும் வளைகிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

வார்ப்பின் தரத்தை எங்கே பார்த்துக் கண்டுபிடிப்பது?

அச்சின் இரு பாதிகளும் சேரும் இடத்தில் எல்லா உருவங்களிலும் ஒரு கோடு ஓடும். கோடு இருப்பது குறையல்ல. அது எந்த வழியே ஓடுகிறது என்பதே கேள்வி. தோளின் மேலும் காலின் பக்கவாட்டிலும் ஓடினால் கத்தியின் முதுகால் நான்கு முறை சுரண்டினால் போய்விடும். முகத்தின் நடுவிலோ சங்கிலிக் கவசத்தின் மேலோ ஓடினால், கோட்டை எடுக்கும்போது செதுக்கு வேலையும் சேர்ந்து போய்விடும். அச்சின் இரு பாதிகளும் சற்றே விலகிப் பொருந்தியிருந்தால் கோடு படிக்கட்டாகிவிடும். அதைக் கத்தியால் மட்டும் சரிசெய்ய முடியாது, அரம் வேண்டும். ஓரங்களில் மெல்லிய தோல்போல நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறு, பருமனான இடங்களில் பிளாஸ்டிக் ஆறும்போது உட்சுருங்கி உண்டான குழிவு, அச்சிலிருந்து உருவத்தைத் தள்ளும் ஊசியின் வட்டத் தடம் ஆகிய மூன்றையும் தேடிப் பாருங்கள். வட்டத் தடம் ஆடையின் உட்புறத்தில் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். கேடயத்தின் முகப்பில் இருந்தால் பொறுக்க முடியாது.

உருக்கு அச்சு இரண்டாகத் திறப்பது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் பல ஐயங்கள் தீரும். திறக்கும் திசைக்குக் குறுக்கே உட்குடைவு எதையும் அதில் செய்ய இயலாது. அதனால்தான் முன்புறமும் பின்புறமும் கூர்மையாக இருக்கும் ஒரே துண்டு உருவத்தின் விலாப்பக்கம் மட்டும் உருகியதுபோல் தெரிகிறது. மார்போடு சேர்ந்த துப்பாக்கிக்கும் மார்புக்கும் நடுவே வெறும் பிளாஸ்டிக் திரை நிற்கிறது. ஒரு தயாரிப்பாளர் உடலைப் பல துண்டுகளாகப் பிரித்திருந்தால், அது பெரும்பாலும் இந்தத் தடையைத் தாண்டுவதற்காகத்தான். துண்டுகள் அதிகம் என்று குறை சொல்வதற்கு முன், அந்தப் பிரிப்பால் என்ன கிடைத்திருக்கிறது என்று விலாப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிடுங்கள்.

ஒட்டும்போது எவற்றைக் குறித்துக்கொள்வது?

முதலில் பசையின்றிப் பொருத்திப் பாருங்கள். பொருந்தும் இடத்தில் முளையும் குழியும் இருக்கின்றனவா, அல்லது தட்டையான தோளில் தட்டையான கையை வைத்து நாமே கோணத்தை ஊகிக்க வேண்டுமா? பின்னது விருப்பப்படி நிலைகளை மாற்ற உதவும்; ஆனால் இரு கைகளாலும் துப்பாக்கி ஏந்தும் வீரனில் அதுவே பெரும் தொல்லையாகும், ஏனென்றால் வலத்தோள் சற்றுத் திரும்பினால் இடக்கை துப்பாக்கியை எட்டாது.

குதிரைகளைத் தனியே கவனியுங்கள். இரு பாதிகளாக வரும் குதிரையின் இணைப்பு, பிடரிமயிரின் உச்சியிலிருந்து முதுகு வழியாக வால்வரை ஓடும். அண்மையில் நான் ஒட்டிய ஒன்றில் வயிறும் கழுத்தும் கச்சிதமாகச் சேர்ந்தன. நெற்றியில் மட்டும் மயிரிழை அளவு பிளவு நின்றது. பசை காயும்வரை ரப்பர் வளையத்தால் இறுக்கிக் கட்டியும் மூடவில்லை. பன்னிரண்டு குதிரைகளிலும் அதே இடத்தில் அதே பிளவு. பட்டி வைத்து நிரப்பி, காய்ந்த பின் உப்புத்தாளால் தேய்க்கக் குதிரைக்குப் பத்து நிமிடம் கூடுதலாயிற்று. 'பொருத்தம் சுமார்' என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. நெற்றியில் பிளவு, எல்லாக் குதிரைகளிலும், பத்து நிமிடம் என்று எழுதினால் அவர் தம் மாலைப்பொழுதைக் கணக்கிட்டுக்கொள்வார். முதல் உருவத்துக்கு எடுத்த நேரத்தையும், கை பழகிய பின் ஐந்தாவதற்கு எடுத்த நேரத்தையும் கடிகாரம் பார்த்துக் குறித்துவையுங்கள்.

விளக்கத் தாளில் எந்தக் கைக்கு எந்த எண் என்பது சட்டத்தில் அச்சான எண்ணோடு ஒத்துப்போகிறதா என்பதும் இங்கேயே சொல்ல வேண்டியது.

வண்ணம் பூசத் தெரியாதவர் மதிப்புரை எழுதலாமா?

தாராளமாக எழுதலாம். நாம் காட்ட வேண்டியது நம் கைத்திறனை அல்ல. அந்த உருவம் வண்ணத்தை எப்படி ஏற்கிறது என்பதை. ஒரே நிறத்தில் ப்ரைமர் அடித்து, நீர்த்த கருவண்ணத்தை மேலே ஓடவிட்டு, காய்ந்ததும் உலர்ந்த தூரிகையால் வெளிர்நிறத்தை மேடுகளில் தடவுங்கள். செதுக்கு ஆழமாக இருந்தால் இந்த மூன்றே வேலையில் மடிப்புகளும் வார்களும் தாமாகத் துலங்கும். ஆழமில்லையென்றால் எல்லாம் ஒரே சேறாகும். வார் எங்கே முடிகிறது, சட்டை எங்கே தொடங்குகிறது என்று தூரிகை பிடித்த கைக்கு ஐயம் வருகிற இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். செதுக்கியவர் தெளிவின்றி விட்ட இடங்கள் அவைதாம். ஒட்டிய பிறகு தூரிகை நுழையாத இடங்கள் உண்டா, எந்தப் பாகத்தைத் தனியே வைத்து வண்ணம் பூசிய பின் ஒட்டினால் நல்லது என்பதும் மிகவும் பயன்படும் செய்தி.

வரலாற்றுப் படைகள் என்றால் சீருடையின் சரித்தன்மையை எந்த அளவுக்குப் பார்ப்பது?

பெட்டியின் மேல் அவர்களே எழுதியிருக்கும் காலத்தையும் களத்தையும் அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். 'பேரரசுக் காலத்து ரோமானியர்' என்று பொதுவாகப் போட்டு இரும்புப் பட்டைகளாலான கவசத்தை அணிவித்திருந்தால் அதில் பிழை இல்லை. 'சீசரின் படை' என்று போட்டு அதே கவசத்தை அணிவித்திருந்தால் பிழை. சீசர் கொல்லப்பட்டது கி.மு. 44-இல், அந்தப் பட்டைக் கவசத்துக்குக் கிடைத்திருக்கும் சான்றுகளோ அதற்குப் பிற்பட்டவை. அவருடைய காலாட்படைக்கு உரியது சங்கிலிக் கவசம். இதுபோலவே 1940-இல் பிரான்சில் நுழைந்த ஜெர்மானியர் என்று சொல்லும் பெட்டியில் எம்.ஜி. 42 இயந்திரத் துப்பாக்கியும் பான்சர்ஃபௌஸ்ட் எனும் டாங்கி எதிர்ப்பு ஆயுதமும் இருந்தால், முன்னது 1942-இலும் பின்னது 1943-இலும் வந்தவை என்பதைச் சொல்லிவிட வேண்டும். அதே சட்டத்தில் முற்காலத்துக்கு உரிய எம்.ஜி. 34-உம் தந்திருக்கிறார்களா என்று பார்த்து, தந்திருந்தால் மற்றதை உதிரிப் பெட்டியில் போட்டுவிடலாம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நெப்போலியன் காலப் பெட்டிகளில் தொப்பி ஒன்றே காலத்தைக் காட்டிக்கொடுக்கும். பிரெஞ்சு வரிசைக் காலாட்படைக்கு ஷாக்கோ எனும் உருளைத் தொப்பி ஆணையிடப்பட்டது 1806-இல். ஆகவே 1805-ஆம் ஆண்டு ஆஸ்டர்லிட்ஸ் களத்துக்கு என்று விற்கப்படும் பெட்டியில் சாதாரண வீரர்கள் இருமுனைத் தொப்பி அணிந்திருக்க வேண்டும். தொப்பிக்கு அடுத்து எண்ணிக்கையைப் பாருங்கள். 1808-ஆம் ஆண்டின் ஆணைப்படி ஒரு பட்டாலியன் ஆறு கம்பெனிகள் கொண்டது: ஃப்யூசிலியர் எனும் சாதாரண வீரர்களுடையவை நான்கு, கிரனேடியர் எனும் தேர்ந்த வீரர்களுடையது ஒன்று, வோல்டிஷர் எனும் இலகு காலாட்களுடையது ஒன்று. அப்படியானால் 24 உருவங்களில் ஒரு பட்டாலியன் அமைப்பவருக்குப் பதினாறு, நான்கு, நான்கு என்ற பிரிவில் உருவங்கள் வேண்டும். கிரனேடியருக்கும் வோல்டிஷருக்கும் உரிய தோளணிகளும் தொப்பிச் சூட்டும் அந்தக் கணக்குக்குப் போதுமான அளவில் சட்டத்தில் உள்ளனவா? இதைக் கணக்கிட்டுச் சொல்கிற மதிப்புரையை நான் அரிதாகவே காண்கிறேன். ஆனால் அந்தக் காலத்தை விரும்பி ஆடுபவர் முதலில் தேடுவது அதைத்தான்.

பொத்தான் ஒன்று குறைகிறது என்பதற்காகப் பெட்டியையே தள்ளிவிடச் சொல்வது நியாயமல்ல. கத்தியாலும் வண்ணத்தாலும் திருத்தக்கூடிய பிழையையும், திருத்தவே முடியாத பிழையையும் பிரித்துக் காட்டினால் போதும்.

கற்பனை உலகப் படைகளுக்கு?

அங்கே வரலாறு இல்லை, உள்ளிணக்கம் உண்டு. பூதத்தின் கையில் இருக்கும் கோடரி அதன் முட்டிக்குள் உண்மையாகவே பிடிபட்டிருக்கிறதா, சிறகு அந்த உடலைத் தூக்கும் என்று கண் நம்புகிறதா, முந்தைய பெட்டியில் வந்த அதே இனத்தோடு இது சேர்ந்து நிற்குமா என்பவற்றைப் பாருங்கள்.

இருவர் ஆடும் தொடக்கப் பெட்டியை எப்படி மதிப்பிடுவது?

இங்கே உருவங்கள் பாதி, ஆட்டம் பாதி. 2023-இல் வார்ஹேமர் 40,000 எனும் போர் விளையாட்டின் பத்தாம் பதிப்போடு வந்த லெவையதன் பெட்டியை எடுத்துக்கொள்வோம். அதில் 72 உருவங்கள்; ஸ்பேஸ் மரீன் எனும் கவச வீரர்கள் பக்கம் 25, டிரனிட் எனும் பூச்சி போன்ற உயிர்கள் பக்கம் 47. எண்ணிக்கை ஏற்றத்தாழ்வாக இருப்பதாலேயே ஒரு பக்கத்துக்கு அநீதி என்று சொல்லிவிட முடியாது. ஒரு மரீன் பல பூச்சிகளுக்குச் சமம் என்பது அந்த உலகின் இயல்பு. ஆகவே இரு பக்கத்தையும் மாறிமாறி எடுத்து ஆடிப் பார்க்காமல் சமநிலையைப் பற்றி எழுதாதீர்கள். இரண்டு ஆட்டம் ஆடி ஒரே பக்கம் இருமுறை வென்றாலும் அதைத் தீர்ப்பாகச் சொல்லக் கூடாது. பகடை அவ்வளவு சீக்கிரம் உண்மையைச் சொல்லாது. ஆடியது இத்தனை முறை, நடந்தது இது என்று மட்டும் சொல்லுங்கள்.

பசையின்றி அழுத்திப் பொருத்தும் வகை உருவங்கள் இத்தகைய பெட்டிகளில் வழக்கம். புதியவர் அன்றே ஆடத் தொடங்கலாம் என்பது அதன் பெரும் நன்மை. பெரும்பாலானவை ஒரே நிலையில் மட்டும் நிற்கும் என்பதும், இதே பெட்டியை இரண்டாவது முறை வாங்குபவருக்கு அதே உருவங்கள் அப்படியே திரும்ப வரும் என்பதும் அதன் விலை. விதிநூலைப் பொறுத்தவரை, விளையாட்டை முன்பு ஆடியிராத ஒருவரிடம் அதைக் கொடுத்து, நீங்கள் வாய் திறக்காமல் உட்கார்ந்து, அவர் எந்தப் பக்கத்தில் திணறுகிறார் என்று பாருங்கள். பழகிய நமக்கு அந்தப் பக்கம் கண்ணில் படவே படாது. பெட்டியில் உள்ள படை முழு அளவு ஆட்டத்துக்குப் போதுமா, மேலும் வாங்கினால்தான் ஆட முடியுமா என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

விலை நியாயமா என்று எப்படிச் சொல்வது?

மொத்த விலையை உருவங்களின் எண்ணிக்கையால் வகுப்பது தொடக்கம் மட்டுமே. முன்பு சொன்ன, தேவைக்கு மிஞ்சிய நான்கு கொடிக்காரர்களைப்போல் பயன்படாதவற்றைக் கழித்துவிட்டு வகுங்கள். தனியே வாங்க வேண்டிய அடித்தட்டு, கொடித்தாள் ஆகியவற்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். கட்டி முடித்தபின் மிஞ்சும் தலைகளும் ஆயுதங்களும் வேறு பெட்டிக்குப் பயன்படுமானால் அதுவும் ஒரு வரவுதான். இடத்துக்கு இடம் விலை மாறும் என்பதால், மலிவு, அதிகம் என்ற தீர்ப்பைவிட இந்தக் கணக்கே படிப்பவருக்கு உதவும்.

எத்தகைய படங்கள் தேவை?

சட்டத்தின் இரு பக்கமும், வண்ணம் பூசாத உருவம் சாம்பல்நிற ப்ரைமரில், அளவுகோலோடு ஓர் உருவம், வேறு தயாரிப்பாளரின் உருவம் ஒன்றோடு தோளோடு தோள் நிற்கும் படம், முடித்த படை. வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து சாய்ந்து விழட்டும். நேரே முன்னிருந்து விழும் வெளிச்சம் குழிவுகளையும் கோடுகளையும் மறைத்துவிடும். தயாரிப்பாளரின் சொந்தப் படங்களைப் பயன்படுத்த வேண்டாம். அவை மிகத் தேர்ந்த கைகளால் வண்ணம் பூசப்பட்டவை. அந்தக் கைகள் பெட்டிக்குள் வருவதில்லை.

இலவசமாக அனுப்பப்பட்ட பெட்டிக்கு எழுதலாமா?

எழுதலாம். இலவசமாக வந்தது என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டு எழுதுங்கள். வெளியிடும் முன் தயாரிப்பாளருக்குக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடுவதே நல்லது. காசு கொடுத்து வாங்காதபோது ஒடிந்த ஈட்டி நமக்கு அவ்வளவாக வலிக்காது என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே அத்தகைய பெட்டியில் குறைகளைக் கூடுதல் கவனத்தோடு தேட வேண்டும்.

ஒரு பாகம் உடைந்தோ காணாமலோ இருந்தால் அதைக் குறையாக எழுதலாமா?

வடிவமைப்பின் குறையையும் அந்த ஒரு பெட்டியின் குறையையும் பிரித்துப் பாருங்கள். ஐந்து சட்டங்களிலும் அதே கணுக்கால் ஒடிந்திருந்தால் கணுக்கால் மெலிதாக வடிவமைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். ஒரு சட்டத்தில் மட்டும் ஒடிந்திருந்தால் வரும் வழியில் நேர்ந்ததாக இருக்கலாம். தயாரிப்பாளருக்கு எழுதி மாற்றுப் பாகம் கேளுங்கள். மதிப்புரை எழுதுகிறவர் என்று சொல்லாமல், வாங்கியவர் என்ற முறையில் கேளுங்கள். விடை வர எத்தனை நாள் ஆயிற்று, பாகம் வந்ததா என்பதைக் கூட்டாமல் குறைக்காமல் குறிப்பிடுங்கள்.

பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் தரலாமா?

நான் தருவதில்லை. ஒரே பெட்டி, நெருக்கமான வரிசையில் படை அமைப்பவருக்கு உதவாததாகவும், நான்கைந்து பேரை மட்டும் வைத்துச் சிறு மோதல் ஆடுபவருக்கு அருமையானதாகவும் இருக்கும். நான் முன்பு சொன்ன அந்த ஈட்டி வீரர்களே அதற்குச் சான்று. கேடயக் கைகள் விரிந்து நின்ற அதே உருவங்கள், 25 மி.மீ. வட்ட அடித்தட்டில் தனித்தனியே நின்றபோது கண்ணைக் கவர்ந்தன. இந்த இருவருக்கும் ஒரே எண்ணைக் கொடுத்தால் ஒருவருக்குத் தவறான வழி காட்டியதாகும். யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்று இரண்டு வாக்கியத்தில் எழுதினால் எண்ணுக்குத் தேவையே வராது.

வெளியிட்ட மதிப்புரையைப் பின்னர் திருத்தலாமா?

திருத்தலாம், திருத்த வேண்டிய கட்டாயமும் சில நேரம் வரும். ஆறு மாதம் ஆடிய பின் ஈட்டிகள் எத்தனை ஒடிந்தன, வாள் பிடித்த கைகள் எத்தனை கழன்றன, விளிம்புகளில் வண்ணம் உரிந்ததா என்பவை முதல் மாதத்தில் தெரியாத செய்திகள். பழைய வரிகளை அழிக்காமல், தேதியிட்டுக் கீழே சேர்த்துவிடுங்கள். என் ஈட்டி வீரர்களின் மதிப்புரைக்குக் கீழும் அப்படித்தான் சேர்த்திருக்கிறேன்: அடித்தட்டுகளின் கீழே எழுதிய எண்களின் படம் ஒன்று, எந்த எண்ணுக்குப் பக்கத்தில் எந்த எண் நிற்கும் என்ற அட்டவணை ஒன்று.